பச்சையம்மாள் மறுத்த கையெழுத்தும் போட்ட கையெழுத்தும்

சென்ற செவ்வாய்க்கிழமை காலை இளையோர் அணியின் பயிற்சிக்காக மைதானத்தில் கூம்புகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். கைபேசி அடித்தது. பேசியவர் வேடியப்பன். திருப்பத்தூருக்கு மேலே மலையில் இருக்கும் புதூர்நாட்டில் ஜீப் ஓட்டுகிறவர், எங்கள் கால்பந்துக் கழகத்தின் பதிவு அலுவலர் பச்சையம்மாளின் தம்பி. மலையில் சிக்னல் கிடைக்கும் இடமாகப் பார்த்து நின்று பேச வேண்டும் என்பதால் எப்போதும் கத்தித்தான் பேசுவார். அன்று குரல் எழும்பவில்லை.

"கோச் சார், அக்கா போய்ட்டுச்சி சார். புளி உலுக்கறதப் பாக்கணும்னு லீவு போட்டு வந்துச்சி. காலைல மரத்துக்கிட்ட நின்னுக்கினு இருக்கும்போதே நெஞ்சு வலிக்குதுன்னு ஒக்காந்துச்சி. ஜீப்ப எடுத்துக்கினு வர்றதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிச்சி சார்."

பிள்ளைகளை அனுப்பிவிட்டேன். அடுக்கிய கூம்புகளை அப்படியே போட்டுவிட்டுச் சென்னையிலிருந்து திருப்பத்தூர் பேருந்தைப் பிடித்தேன்.

கழகத்தில் பச்சையம்மாளைத் தெரியாதவர் கிடையாது. ஆனால் அவருக்கு என்ன வேலை என்று கேட்டால் பாதிப்பேர் "விசா மேடம்" என்பார்கள். விசா என்பது அவர் வேலையில் கால்வாசி. ஒரு வெளிநாட்டு வீரரை எந்த நாளுக்குள் பதிவு செய்யலாம், எத்தனை பேரை அணியில் வைத்துக்கொள்ளலாம், அவர்களில் எத்தனை பேர் ஒரே நேரத்தில் களத்தில் நிற்கலாம், பழைய கழகம் விடுவித்த சான்று வந்ததா இல்லையா என எல்லாமே அவர் பொறுப்பு. பயண முகவர் ஒருவரிடம் தட்டச்சு வேலை பார்த்துக்கொண்டிருந்தவர் எங்களிடம் வந்து, லீக்கின் விதிப் புத்தகத்தை வரி வரியாகப் படித்து வைத்திருந்தார். ஆட்டத்தை முழுதாக உட்கார்ந்து பார்த்ததாக எனக்கு நினைவில்லை. அதைச் சொல்லி ஒருமுறை கிண்டல் செய்தேன். "கோல் போட்றது உங்க வேல, கோச் சார். போட்ட கோல் நிக்கணும்னா அது என் வேல" என்றார். எனக்குச் சுருக்கென்றது.

அது வாய்ப்பேச்சு இல்லை என்று ஓர் ஆட்டத்தில் தெரிந்தது. அப்போது நான் முதன்மை அணியின் பயிற்சியாளர். ஒரு கோல் பின்தங்கியிருந்தோம், பத்து நிமிடம் மீதி. உள்ளூர்த் தடுப்பாட்டக்காரர் ஒருவரை வெளியே எடுத்து, பிரேசில்காரனை இறக்கச் சொல்லிவிட்டேன். களத்தில் அனுமதிக்கப்பட்ட நான்கு வெளிநாட்டவரும் ஏற்கெனவே நின்றது ஆட்டச் சூட்டில் என் மண்டையில் ஏறவில்லை. பார்வையாளர் பக்கத்துக் கம்பி வேலியோரமிருந்து ஒரு பெண்குரல் கத்தியது. "கோச் சார்! அஞ்சாவுது! அஞ்சாவுது!" பச்சையம்மாள்தான். ஒரு கையில் செருப்பு, மறு கையில் வீரர் பட்டியல். கோட்டைத் தாண்டக் கால் தூக்கியவனைச் சட்டையைப் பிடித்து இழுத்தேன். அந்த ஆட்டத்தைச் சமன் செய்தோம். அவன் இறங்கியிருந்தால் எதிரணி ஒரு தாளில் புகார் எழுதிக் கொடுத்தே ஜெயித்திருக்கும். மறுநாள் நன்றி சொல்லப் போனால், "செருப்பு வார் அந்துபோச்சு சார், அதுக்கு இன்னா சொல்றீங்க?" என்றார்.

வெளிநாட்டிலிருந்து வரும் இளைஞர்களிடம் அவருக்கு ஒரு பழக்கம் இருந்தது. ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கும் முன் அவரவர் அம்மாவைத் தொலைபேசியில் கூப்பிடுவார். அந்த அம்மாவுக்குத் தமிழ் தெரியாது, இவருடைய ஆங்கிலம் அங்கே புரியாது. "யுவர் சன், குட் பாய், ஈட்டிங், டெய்லி ஈட்டிங்" என்பார். மறுமுனையில் ஏதோ நீளமாகப் பேசுவார்கள். இவர் தலையாட்டிக் கேட்டுக்கொள்வார். விதிப் புத்தகத்தில் இது எங்கே இருக்கிறது என்று கேட்டேன். "பெத்தவகிட்ட ஒரு வார்த்த சொல்லாம பிள்ளயத் தூக்கிக்கினு வருவாங்களா, சார்?" என்றார். என் பொறுமையைச் சோதித்த பழக்கங்களில் இது முதலிடம் என்று இப்போது சொல்லிக்கொள்ளலாம்.

இனி நான் சொல்ல வந்ததைச் சொல்கிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன், பருவம் தொடங்குவதற்கு முந்தைய பயிற்சி முகாமைப் புதூர்நாட்டில் போட்டோம். ஏற்பாடு பச்சையம்மாளுடையது. மலைக்காற்று, பள்ளிக்கூட மைதானம், சாமைச் சோறு, எங்களை ஏற்றி இறக்க வேடியப்பனின் ஜீப். எங்கள் லீக்கில் வெளிநாட்டவர் எண்ணிக்கைக்கு வரம்பு உண்டு. அந்த வரம்புக்கு வெளியே, இருபத்தோரு வயதுக்கு உட்பட்ட ஒரே ஒரு வெளிநாட்டு இளைஞரை வைத்துக்கொள்ளலாம். அந்த இடத்துக்கு நான் கண்டுபிடித்தவன் இம்மானுவேல். மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து ஒரு முகவர் மூலம் வந்தவன். இடது காலால் அவன் பந்தை எடுத்துக்கொண்டு ஓடினால் எங்கள் மூத்த வீரர்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள். அவன் இருந்தால் கோப்பை எங்களுக்கு என்று நிர்வாகத்திடம் அடித்துச் சொல்லியிருந்தேன். கழகத்தின் இணையப் பக்கத்தில் அறிவிப்பும் போட்டாயிற்று. கடவுச்சீட்டில் அவனுக்குப் பதினெட்டு நிரம்பியிருந்தது. அது முக்கியம். பதினெட்டு நிரம்பாதவனை நாடு விட்டு நாடு கொண்டுவந்து பதிவு செய்யக்கூடாது என்பது எங்கள் லீக்கின் விதி மட்டுமல்ல, உலகம் முழுவதற்குமான விதி.

பதிவுக் காலம் மறுநாள் மாலை ஐந்து மணியோடு முடிகிறது. மூல ஒப்பந்தத்தில் அவன் கையெழுத்தும் பதிவு அலுவலர் கையெழுத்தும் வேண்டும். படிவங்களைப் பையில் வைத்துக்கொண்டு பச்சையம்மாள் தம்பியின் ஜீப்பில் மலை ஏறி வந்தார். புதூர்நாடு ஜீப் நிறுத்தத்தில் ஆளுயரத்துக்கு ஒரு பேனர் கட்டியிருந்தது. நடுவில் கறுப்புக் கண்ணாடி போட்ட இம்மானுவேல். சுற்றிலும் அதே மாதிரி கண்ணாடி போட்ட ஜீப் ஓட்டுநர்கள் பன்னிரண்டு பேர். வேடியப்பன் படம் மட்டும் சற்றுப் பெரிது. "17-வது பிறந்தநாள் காணும் ஆப்பிரிக்கச் சிங்கம், புதூர்நாட்டின் செல்லப்பிள்ளை அண்ணன் இம்மானுவேல் பல்லாண்டு வாழ்க!" மாலையில் கேக் வெட்டுவதாகவும் போட்டிருந்தது.

நாற்பது வயது ஓட்டுநர்கள் அந்தப் பையனை அண்ணன் ஆக்கிவிட்டதைப் பார்த்து அணியே சிரித்துக்கொண்டிருந்தது. பச்சையம்மாள் சிரிக்கவில்லை. ஜீப்பிலிருந்து இறங்காமலே தம்பியைக் கேட்டார்.

"ஏண்டா, பதினேழுன்னு யார்ரா சொன்னது?"

"அவந்தான்க்கா சொன்னான். டேட்ட எழுதியே குடுத்தான். இன்னாக்கா, எழுத்துல எதுனா மிஸ்டேக்கா?"

மைதானத்துக்கு வந்து இம்மானுவேலை உட்கார வைத்தார். அவன் அம்மாவின் எண்ணுக்கு அழைப்பு போட்டார். பேச்சு அறுந்து அறுந்து வந்தது. பிறகு ஒரு படம் அனுப்பினார்கள். அது ஒரு மணி நேரம் சுற்றிச் சுற்றி வந்து சேர்ந்தது. தேவாலயத்தில் ஞானஸ்நானம் கொடுத்த அட்டை. பேனரில் இருந்த தேதிதான் அதிலும். ஒரு வயதுக்கும் மேலே கூட்டிக் கடவுச்சீட்டு எடுத்துக் கொடுத்தவர் முகவர். பையன் தலையைக் குனிந்து அழுதான்.

நான் விடவில்லை. பேச்சில் நான் லேசில் தோற்கிறவன் இல்லை. பேனரை அவிழ்த்துவிட்டால் போயிற்று, கடவுச்சீட்டில் இருப்பதைத்தானே நாம் பார்க்க வேண்டும் என்றேன்.

"பேனர அவுத்துடலாம் சார். நான் படிச்சிட்டேனே, அத இன்னா பண்றது?"

அவருடைய பலவீனம் எனக்குத் தெரியும். அதையும் பிடித்தேன். பள்ளியில் சேர்த்தபோது தலைமையாசிரியர் குத்துமதிப்பாகப் போட்ட தேதிதான் அவர் சான்றிதழில் இருந்தது. அந்தத் தேதியை வைத்துத்தான் வேலையிலேயே சேர்ந்தார். "உங்கள் தேதி மட்டும் உண்மையா?" என்று எல்லார் முன்னாலும் கேட்டேன். அதற்காக இன்றும் வெட்கப்படுகிறேன்.

அவர் கோபப்படவில்லை. "நான் என்னிக்கிப் பொறந்தேன்னு எங்க வூட்டுல யாருக்குமே தெரியாது சார். தெரியாததுக்கு வாத்தியார் ஒண்ணு போட்டாரு. இவன் தேதி இவனுக்குத் தெரியுது, இவங்க அம்மாவுக்குத் தெரியுது, இப்ப எனக்கும் தெரியுது. இன்னிக்கி நான் கையெழுத்து போட்டுட்டா, நாளைக்கி விஷயம் வெளிய வந்தா, உங்களுக்கு ஒரு கோப்பை போவும். இந்தப் பையனுக்குக் காலே போய்டும். எங்கயுமே ஆட வுட மாட்டாங்க" என்றார். படிவங்களைப் பைக்குள் வைத்தார். மறுநாள் ஐந்து மணி கடந்தது. அந்த இடம் காலியாகவே போயிற்று.

அறிவித்த வீரரை ஏன் பதிவு செய்யவில்லை என்று லீக்கிலிருந்து விளக்கம் கேட்டார்கள். முகாம் முடிவதற்குள் அறிக்கை அனுப்ப வேண்டும். பள்ளி வராந்தாவில் உட்கார்ந்து எழுதினார். எதிரே நானும் இம்மானுவேலும் இருந்தோம். மூக்குக்கண்ணாடியைப் பைக்குள் துழாவிக்கொண்டே, வேடியப்பனைத் தவிர வேறு யாரிடமாவது வயதைச் சொன்னாயா என்று அவனைக் கேட்டார். அவன் என்னைப் பார்த்தான். பிறகு, இல்லை என்றான். அவர் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார்.

"கோச் சார், கேக்கறேன்னு தப்பா எடுத்துக்காதீங்க. உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியாது" என்றேன்.

தெரியும். சென்னைக்கு வந்த முதல் வாரத்திலேயே, அடுத்த மாதம் தனக்குப் பதினேழு என்று இம்மானுவேல் என்னிடம் சொன்னான். ஒளிக்கத் தெரியாத பையன். இங்கே உனக்குப் பதினெட்டு, கழகத்தில் யாரிடமும் சொல்லாதே என்று சொல்லி வைத்தவன் நான். அவன் என் சொல்லைக் காப்பாற்றினான். ஜீப் ஓட்டுநரைப் பற்றி நான் எதுவும் சொல்லியிருக்கவில்லை. வராந்தாவில் எனக்காகப் பொய்யும் சொன்னான். பச்சையம்மாள் என் பேச்சை நம்பி, "பயிற்சியாளர் உட்பட கழகத்தைச் சேர்ந்த எவருக்கும் இவரது உண்மையான வயது முன்னதாகத் தெரியாது" என்று எழுதி, என் கண்ணெதிரே கையெழுத்துப் போட்டார்.

அந்த அறிக்கையால் முகவரை நீக்கினார்கள். இம்மானுவேலை ஏமாற்றப்பட்ட சிறுவன் என்று எடுத்துக்கொண்டு தண்டிக்காமல் விட்டார்கள். அவன் ஊருக்குப் போனான். அந்தப் பருவம் முழுக்க நான் பச்சையம்மாளிடம் வேலையைத் தவிர வேறு எதுவும் பேசவில்லை. கோபம் என்று எல்லாரும் நினைத்தார்கள், அவரும் அப்படித்தான் நினைத்திருப்பார். கோபம் இல்லை. அவர் முகத்தைப் பார்க்க எனக்குக் கூசியது.

இரண்டு பருவங்கள் கழித்து இம்மானுவேல் திரும்பி வந்தான். சொந்தப் பிறந்த தேதியோடு, புதிய கடவுச்சீட்டோடு, எங்களுடைய பரம எதிரி அணிக்கு. எங்கள் மைதானத்திலேயே எங்களுக்கு எதிராக இரண்டு கோல் போட்டான். எங்கள் ஆட்கள் எல்லாம் இஞ்சி தின்ற குரங்கு மாதிரி உட்கார்ந்திருக்க, எங்கள் இருக்கைகளின் நடுவே ஒரே ஒருவர் எழுந்து நின்று கைதட்டினார். நிர்வாகத் தலைவர் திரும்பி முறைத்தார். "ரெண்டும் நிக்கிற கோலு சார்" என்று அவரிடமே சொல்லிவிட்டு மறுபடி தட்டினார் பச்சையம்மாள். அவர் ஓர் ஆட்டத்தைக் கடைசிவரை பார்த்தது அன்று ஒருநாள்தான் என்று நினைக்கிறேன்.

புதூர்நாட்டில் அவரை அடக்கம் செய்தபோது இம்மானுவேலும் வந்திருந்தான். இப்போது மூத்த வீரன், முகத்தில் தாடி. வேடியப்பனோடு சேர்ந்து பாடையைத் தோளில் சுமந்தான். மண் தள்ளி முடித்து எல்லாரும் இறங்கும்போது என் பக்கத்தில் நடந்து வந்தான். அக்காவிடம் எப்போதாவது சொன்னீர்களா என்று கேட்டான். இல்லை என்றேன்.

அவருக்குத் தெரிந்திருக்கும், தெரிந்தும் உங்களை மன்னித்திருப்பார் என்று உங்களில் சிலர் எனக்கு ஆறுதல் சொல்லக்கூடும். நல்ல மனதோடு சொல்வீர்கள். ஆனால் அது அவரை அறியாத பேச்சு. தெரிந்திருந்தால் பச்சையம்மாள் அந்தக் கையெழுத்தைப் போட்டிருக்க மாட்டார். ஒரு கோப்பைக்காகவும் என் கூச்சலுக்காகவும் போடாதவர், எனக்காக மட்டும் போட்டிருப்பாரா? என்னை நம்பினார். நடந்தது அவ்வளவுதான்.

நேற்று லீக்குக்குக் கடிதம் எழுதி அனுப்பிவிட்டேன். அந்த அறிக்கையின் அந்த ஒரு வரி பொய், சொன்னவன் நான், எழுதியவருக்கு அது பொய் என்று தெரியாது. நகலைக் கழக நிர்வாகத்துக்கும் கொடுத்துவிட்டேன். இளையோர் அணியின் பொறுப்பில் என்னை வைத்திருப்பதா என்று அவர்கள் முடிவு செய்யட்டும். எப்படி முடிவு செய்தாலும் எனக்குச் சம்மதம்.

தெரிந்ததைத் தெரியும் என்று சொல்லும் அந்தத் துணிச்சல் ஒன்றைத்தான் அவரிடமிருந்து எனக்கென்று வைத்துக்கொள்கிறேன். கேட்ட அன்றைக்கு என்னிடம் அது இருக்கவில்லை. அவர் இருந்தவரைக்கும் வரவில்லை. கடிதம் போய்ச் சேர்ந்துவிட்டதாக இன்று காலை தகவல் வந்தது. பச்சையம்மாள் கையெழுத்துப் போட்ட காகிதங்களில் இனி அவருடைய பொய் என்று எதுவும் இல்லை.