மேலிருந்தா, கீழிருந்தா

அப்பாவுக்கு மலக்குடல் வெளியே இறங்குகிறது என்பதை எங்கள் வீட்டில் முதலில் கண்டுபிடித்தவை எறும்புகள். குளியலறை முழுக்க எறும்பு. அஸ்கா சர்க்கரை டப்பா மூன்றே நாளில் காலி. அம்மா என்னைச் சந்தேகப்பட்டாள். நாற்பத்தைந்து வயதில் என்னைச் சர்க்கரைத் திருடனாக நினைத்ததற்கு அவள்மேல் இன்னும் எனக்குக் கோபம் உண்டு.

மறுநாள் கால்நடை டாக்டர் பைக்கில் வந்து இறங்கினார். தோளில் கயிறு, கையில் முழங்கை வரை உறை. எருமை எங்கே என்று கேட்டார். எருமையை விற்று இரண்டு வருடமாகிறது என்றேன். அப்பா மோட்டார் ரூமையே பார்த்துக்கொண்டு நின்றார்.

எங்கள் வடகரப்பதிப் பக்கம் கன்று போட்ட எருமைக்கு அடி தள்ளினால், அதாவது கருப்பை வெளியே வந்துவிட்டால், அதன்மேல் சர்க்கரை தூவுவோம். வீக்கம் வற்றியதும் உள்ளே தள்ளிவிடலாம். அப்போதுதான் விஷயம் வெளியே வந்தது: அப்பா தன் நோயை எருமையின் பேரில் போனில் சொல்லி, வைத்தியம் கேட்டு, தனக்கே செய்துகொண்டிருக்கிறார். மனுச டாக்டரிடம் காட்ட வெட்கமாம். மாட்டு டாக்டர் சிரிக்கவில்லை. கையுறையைக் கழற்றிவிட்டு, உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகச் சொன்னார்.

எல்லையில் இருக்கிற நாங்கள் எதையும் இரண்டு மாநிலத்திலும் கேட்டுவிடுவோம். வயிற்றில் சின்னத் துளைகள் போட்டு, குடலை மேலே இழுத்து, வலை வைத்து முதுகெலும்பின் அடியில் தைத்துவிடலாம் என்றார் கோயமுத்தூர் டாக்டர். திரும்ப இறங்குவது குறைவு. ஆனால் முழு மயக்கம் வேண்டும். ஏற்கெனவே நெஞ்சுவலி வந்த மனிதர், ஆசனவாய் வழியாகக் கீழிருந்தே உபரிக் குடலை வெட்டியெடுத்துத் தைத்துவிடலாம் என்றார் பாலக்காட்டு டாக்டரம்மா. இடுப்புக்குக் கீழே மரத்துப்போக ஒரு ஊசி போதும். ஆனால் திரும்ப இறங்கும் வாய்ப்பு அதிகம்.

வீட்டில் பஞ்சாயத்து கூடியது. மாமா போர்வெல் விஷயத்தில் கெட்டிக்காரர். பைப்பு வழுக்கினால் மேலே கிளாம்ப் போடுவானா, கீழே அறுப்பானா என்று கேட்டு, கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கத்தில் அப்பாவைப் படமாக வரைந்தார். அம்மா அதைக் காலண்டர் ஆணியில் மாட்டினாள். வந்தவர்களெல்லாம் அதைப் பார்த்துவிட்டு, எந்தத் தோட்டத்தில் போர் போடப்போகிறோம் என்று விசாரித்தார்கள். ஒரு மாதம் வாதாடி, அம்மா, மாமா, நான் என்று மூன்று ஓட்டில் மேல்வழி ஜெயித்தது. அப்பாவுக்கும் ஓட்டு உண்டு என்று யாருக்கும் தோன்றவில்லை.

தேதி குறிக்கக் கோயமுத்தூர் போனோம். டாக்டர் எங்களை விட்டுவிட்டு, உங்களுக்கு எது வேண்டும் என்று அப்பாவைக் கேட்டார். நாங்கள் மூவரும் சேர்ந்து பதில் சொன்னோம். அவர் கையைக் காட்டி எங்களை நிறுத்தினார்.

"கீழ பண்றதுல முழிச்சிட்டே இருக்கலாமுங்களா?" என்றார் அப்பா.

இருக்கலாம், அதையும் இங்கேயே செய்யலாம் என்றார் டாக்டர்.

"அப்ப அதையே பண்ணீருங்க."

திரும்ப இறங்கிவிடுமே என்று நான் குறுக்கே விழுந்தேன்.

"எறங்குனா எறங்குது கண்ணு. தூங்க வெச்சா எந்திரிப்பனோ என்னமோ. எனக்குப் பயமா இருக்குதப்பா."

அந்த வார்த்தையை அவர் வாயிலிருந்து நான் கேட்டதே இல்லை. அவர் குடல் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதுவரை ஒரு மாதமாகப் பேசியிருக்கிறோம். பயமாக இருக்கிறதா என்று ஒருவரும் கேட்கவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. கீழ்வழி என்று எழுதிக்கொள்ளச் சொன்னேன்.