ஓடி ஓடி நின்ற ரம்பம்

ஆண்டர்சன்பேட்டைக்குப் போகிற ரோட்டோரம் எங்கள் விறகுத் தொட்டி இருந்தது. தகரக் கூரை, மூங்கில் தட்டி, ஒரு பெரிய தராசு, பின்பக்கம் நாங்கள் குடியிருந்த ஒற்றை அறை. ஆரம்பித்தது என் வீட்டுக்காரர். கல்யாணமான புதிதில் இரண்டு பேருமாகத்தான் நடத்தினோம். குழந்தை இல்லை. எங்கள் ஊர் தங்கச் சுரங்கத்தில் வேலை கிடைக்கும் என்று அவர் ரொம்ப நாள் அலைந்தார், கிடைக்கவில்லை. ராய்ச்சூர் பக்கம் இன்னொரு தங்கச் சுரங்கத்தில் ஆள் எடுக்கிறார்கள் என்று யாரோ சொல்ல, அங்கே போய்ச் சேர்ந்துவிட்டார்.

"நெலையாயிட்டா வந்து கூட்டிக்கினு போறேன், அதுவரைக்கும் தொட்டிய பாத்துக்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

முதலில் மாதம் ஒரு தடவை வந்தார். பிறகு பண்டிகைக்கு மட்டும் வந்தார். தொட்டியை நான் பார்த்துக்கொண்டேன்.

மரம் அறுக்க அண்ணன் தம்பி இரண்டு பேர் இருந்தார்கள். சுரங்கத்தில் இருந்த அவர்களுடைய அப்பா ரிட்டயர் ஆனதும் அந்த வேலை பெரியவனுக்குக் கிடைத்தது. சின்னவன் பெங்களூருக்குப் போய்விட்டான். அதற்குப் பிறகுதான் எனக்குக் கஷ்டம் ஆரம்பித்தது. சின்னக் கட்டைகளைக் கோடாலியால் நானே பிளந்துவிடுவேன். பெரிய மரத்தை முதலில் துண்டு போட வேண்டும். அதற்கு இழுப்பு ரம்பம். இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர் பிடித்து இழுக்க வேண்டும். அந்தப் பக்கம் பிடிக்க எனக்கு ஆள் இல்லை. கூலிக்கு வந்தவர்கள் ஒரு நாள் வந்தால் மறுநாள் வரமாட்டார்கள். தைல மரங்கள் தொட்டியில் ஆள் உயரத்துக்குக் குவிந்து கிடந்தன. கேட்டு வருகிறவர்களுக்குப் போட விறகு இல்லை.

பேத்தமங்களா பக்கத்திலிருந்து லாரியில் மரம் கொண்டுவந்து போடுகிற காண்ட்ராக்டர் ஒருவர் இருந்தார். தெலுங்குக்காரர், தமிழ் நன்றாகப் பேசுவார். குவிந்து கிடந்த மரத்தைப் பார்த்துவிட்டு, "எங்கிட்ட ஒரு பழைய மிஷின் ரம்பம் சும்மா கெடக்குதும்மா. பெட்ரோல்ல ஓடும். ஒரு ஆளே போதும்" என்றார்.

ஒரு ஆளே போதும் என்று அவர் சொன்னது என் மனசில் நின்றுவிட்டது. அடுத்த லோடோடு அதை எடுத்துவரச் சொன்னேன்.

சைக்கிள் செயின் மாதிரி, ஆனால் பல் வைத்த செயின், நீளமான ஒரு பட்டையைச் சுற்றி ஓடும். தூக்கினால் நெல் மூட்டையில் கால்வாசி கனம். காண்ட்ராக்டர் என் கண் முன்னால் கயிற்றை இழுத்து ஸ்டார்ட் செய்தார். தெருவே திரும்பிப் பார்க்கும்படி கத்தியது. ஒரு கட்டையை வெண்ணெய் மாதிரி அறுத்துவிட்டு நிறுத்தினார். "அப்பப்போ நின்னுபோவும். பொறுமையா இழுக்கணும்" என்று சொல்லிவிட்டு லாரி ஏறிவிட்டார்.

மறுநாள் அது ஓடவில்லை. கயிற்றை இழுத்து இழுத்துத் தோள்பட்டை கழன்றுபோகும் போல இருந்தது. பெட்ரோல் வாடை குப்பென்று அடித்தது. புகை வருகிற குழாயிலிருந்தே பெட்ரோல் சொட்டியது. பக்கத்து வீட்டு அக்கா தட்டி மேல் எட்டிப் பார்த்து, "இன்னாமே, அடுப்பு பத்தவெக்கப் போறேன், இந்த வாடையில பயமா கீது" என்றாள். அதைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு பேட்டையில் மோட்டார் சைக்கிள் ரிப்பேர் செய்கிறவரிடம் போனேன்.

அவர் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "இது நமக்குத் தெரிஞ்ச வண்டி இல்லக்கா. பிரிச்சா மறுபடி சேக்கத் தெரியாது" என்றார். ஆனாலும் பிளக்கைக் கழற்றிக் காட்டினார். கறுப்பாக, சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. "பாருங்க, உள்ள பெட்ரோல் ரொம்பிக்கினு கீது. நனைஞ்சா நெருப்பு எடுக்காது. இதத் தொடச்சி காய வெச்சி, பிளக் இல்லாம நாலு தடவ இழுத்துட்டு, அப்பறம் மாட்டி இழுங்க" என்று சொல்லி ஒரு பழைய பிளக் ஸ்பானரையும் கொடுத்தார்.

அப்படிச் செய்தால் ஓடியது. நீலப் புகையாகக் கக்கிக்கொண்டு கொஞ்ச நேரம் ஓடும், பிறகு இருமி இருமி நின்றுவிடும். கழற்றினால் பிளக் மறுபடி நனைந்திருக்கும். துடை, காயவை, இழு. சாயங்காலம் வியாபாரம் முடிந்ததும் இதுதான் வேலை. எதிரே சுரங்கத்து லைன் வீடுகளில் ஷிஃப்டு முடிந்து வந்தவர்கள் வாசலில் உட்கார்ந்து பிள்ளைகளை அதட்டிக்கொண்டிருப்பார்கள். நான் ரம்பத்தின் முன்னால் குந்தியிருப்பேன். "உனக்கு இன்னாதான் ஓணும், சொல்லித் தொலை" என்று ஒரு நாள் அதனிடம் சத்தமாகக் கேட்டுவிட்டேன். என் குரலை நானே கேட்டபோது திக்கென்றது. காலையிலிருந்து எடை சொன்னதைத் தவிர வேறு எதுவும் நான் பேசியிருக்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மேல்மூடியைக் கழற்றி உள்ளே பார்த்தேன். காற்று போகிற வழியில் காலணா அளவுக்கு ஒரு தகடு இருந்தது. சோக் என்கிற குச்சியை இழுத்தால் அது வழியை மூடியது, தள்ளினால் திறந்தது. திறந்து வைத்துவிட்டு ரம்பத்தை லேசாக ஆட்டினேன். தகடு தானாகவே சாய்ந்து மூடிக்கொண்டது. பிடித்து வைக்க வேண்டிய ஸ்பிரிங் உடைந்து பாதிதான் இருந்தது. ஓடுகிற அதிர்வில் வழி மூடிக்கொள்ள, காற்று இல்லாமல் வெறும் பெட்ரோலாக உள்ளே இறங்குகிறது என்று புரிந்தது.

சுரங்கத்தில் வெடிக்கு இழுக்கிற ஒயர் எங்கள் பக்கம் எல்லா வீட்டிலும் இருக்கும். கொடி கட்டுவோம், கூடை பின்னுவோம். அதில் ஒரு துண்டை எடுத்து உள்ளே இருந்த கம்பியால் தகட்டைத் திறந்தபடியே கட்டினேன். ஸ்டார்ட் செய்யும்போது மட்டும் அந்த வழியை உள்ளங்கையால் மூடிக்கொண்டேன். ஓடியது. புகை இல்லை. ஒரு மரத்தை முழுதாக அறுத்தேன். இரண்டாவது மரத்தில் பாதி போனதும் சத்தம் மெலிந்து, தேய்ந்து, நின்றுபோனது.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. பழக்கத்தில் பிளக்கைக் கழற்றினேன். துடைக்கத் துணியை எடுத்தவள் அப்படியே நின்றேன். பிளக் காய்ந்திருந்தது.

இத்தனை நாள் பெட்ரோல் அதிகமாகி நின்றது. இன்றைக்குப் பெட்ரோல் வராமல் நின்றிருக்கிறது. தீர்ந்துவிட்டதோ என்று டேங்க் மூடியைத் திருகினேன். புஸ்ஸென்று காற்றை உள்ளே இழுத்துக்கொண்டது. உள்ளே பெட்ரோல் நிறைய இருந்தது. மூடிவிட்டு இழுத்தேன், ஓடியது, ஒரு மரத்துக்கப்புறம் நின்றது. மறுபடி திருகினேன், மறுபடி புஸ்.

மண்ணெண்ணெய் டின்னில் ஒரே ஓட்டை போட்டால் எண்ணெய் சரியாக ஊற்றாது. எதிர்ப்பக்கம் காற்றுக்கு இன்னொரு ஓட்டை போட வேண்டும். இது எந்தப் பொம்பளைக்கும் தெரியும். டேங்க் மூடியைக் கழற்றித் துடைத்துப் பார்த்தேன். நடுவில் ஊசி முனை அளவுக்கு ஒரு ஓட்டை இருந்தது, அதை யாரோ எதையோ வைத்து அடைத்திருந்தார்கள். ரவிக்கை ஊக்கைக் கழற்றிக் குத்தினேன். வெளியே வந்தது துணி சோப்பு. பிறகு காண்ட்ராக்டரிடம் கேட்டபோது, "லாரியில படுக்க வெச்சா ஒழுகுதுன்னு நான்தான் அடைச்சேன், மறந்தே போயிட்டேன்" என்று சிரித்தார்.

அன்றைக்கு இரண்டாவது மரம் முடிந்தது, மூன்றாவது முடிந்தது, அதற்கப்புறம் நான் எண்ணவில்லை. கை மரத்துப்போகும் வரை அறுத்தேன். நிறுத்தியபோது காது இரைந்தது. யாரிடமாவது சொல்ல வேண்டும் போல இருந்தது. பக்கத்து வீட்டு அக்கா வீட்டில் பூட்டு தொங்கியது. பூதிகோட்டையில் யாருக்கோ கல்யாணம் என்று போயிருந்தாள். தலை முழுக்க மரத்தூளோடு வாசலில் நின்றேன். விறகு வாங்க ஒரு அம்மா வந்தாள்.

"ரம்பம் ஓடிச்சுங்க. நானே ரிப்பேர் பண்ணேன்" என்றேன்.

"அப்படியா. ஈரமில்லாததா பாத்து பத்து கிலோ போடும்மா" என்றாள்.

போட்டேன்.

தீபாவளிக்கு என் வீட்டுக்காரர் வந்தார். நான் அறுத்துக்கொண்டிருந்ததால் வந்தது தெரியவில்லை. நிறுத்தி நிமிர்ந்தபோது தட்டி ஓரம் பையோடு நின்றிருந்தார். இளைத்திருந்தார்.

"யாரு சொல்லிக் குடுத்தாங்க?" என்றார்.

"யாருமில்லிங்க."

அவருக்காகக் கறி எடுத்தேன். சாப்பிடும்போது எல்லாவற்றையும் சொன்னேன். ஸ்பிரிங், ஒயர், சோப்பு எல்லாம். அவர் தலையாட்டிக் கேட்டார். சோப்பு என்றதும் சிரித்தார். எவ்வளவோ நாளைக்குப் பிறகு எங்கள் அறையில் கேட்ட சிரிப்பு அது. அவர் இருந்த வரைக்கும், அங்கே வீடு கிடைத்ததா என்று நான் கேட்கவில்லை. அவராகவே சொல்வார் என்று இருந்தேன்.

திரும்பிப் போகிற நாள் மாரிக்குப்பம் ஸ்டேஷன் வரைக்கும் கூடப் போனேன். ரயில் கிளம்புகிற நேரத்தில் ஜன்னல் வழியாகச் சொன்னார். "உன்னப் பத்தி எனக்குக் கவலையே இல்ல. நீ தனியாவே எல்லாம் சமாளிச்சுக்கிற."

அவர் நல்லபடியாகத்தான் சொன்னார். முகத்தில் பாரம் இறங்கின நிம்மதி தெரிந்தது. ரயில் நகர்ந்துவிட்டது. அதற்குப் பிறகு அவர் வந்தது மிகவும் குறைவு. கூட்டிக்கொண்டு போகிற பேச்சை அவர் எடுக்கவுமில்லை, நான் கேட்கவுமில்லை.

அன்றைக்கு ஸ்டேஷனிலிருந்து நடந்து வரும்போது பசித்தது. வீட்டுக்குப் போய் ஒரு ஆளுக்கு உலை வைக்க மனசு வரவில்லை. வழியில் ஒரு ஹோட்டல் இருந்தது. அதற்கு முன் நான் தனியாக ஹோட்டலில் ஏறினதில்லை. உள்ளே எல்லாம் ஆம்பளைகள், ஷிஃப்டுக்குப் போகிறவர்கள். கொஞ்ச நேரம் வெளியில் நின்றேன். பிறகு போய் சுவரோரம் இருந்த பெஞ்சியில் உட்கார்ந்தேன். சர்வர் வந்து, "கூட ஆளு வருதாம்மா?" என்று கேட்டார்.

"இல்லிங்க, நான் மட்டும்தான்" என்றேன். தோசை சூடாக வந்தது. பொறுமையாகச் சாப்பிட்டு முடித்துவிட்டு, இன்னொன்று கேட்டேன்.