மீடியம் மாமாவின் இடுப்பு

சீருடை தைக்கும் அந்தக் கடையில் அவரை யாரும் பெயர் சொல்லி அழைப்பதில்லை. எல்லாருக்கும் அவர் மீடியம் மாமா. முப்பத்தோராண்டுகளாக, நடுத்தர அளவுக் கால்சட்டை அவருடைய முப்பத்துநான்கு அங்குல இடுப்பில் ஏறிப் பொருந்திய பிறகே மற்றவை வெட்டப்பட்டன. சிறியது என்றால் அவரைவிட இரண்டு அங்குலம் குறைவு; பெரியது என்றால் இரண்டு அங்குலம் கூடுதல். அளவுநாடா பொய் சொன்னாலும் தம் இடுப்பு பொய் சொல்லாது என்பது அவர் கொள்கை.

அறுபத்தெட்டாம் வயதில் அந்த இடுப்பு வாய் கூசாமல் பொய் சொல்லத் தொடங்கியது.

கொளுத்தும் கோடையில் கம்பளிச் சட்டை அணிந்துகொண்டு மின்விசிறியை நிறுத்தினார். தையல் இயந்திரத்தின் மேலேயே தலைசாய்த்து உறங்கினார். குரலோ தவளைக்குத் தமையன் போலாயிற்று. அரைவயிறு உண்டாலும் உடல் ஊதியது.

“நாங்க வெந்துகிட்டிருக்கோம், இவருக்குக் குளிருதாம். டாக்டரைப் பாருங்கன்னா கேக்கறாரா?” என்றாள், பொத்தான் துளைகளுக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்த மனைவி.

“வயசானா அப்படித்தான். கதவு பழசானா கிறீச்சுங்காதா?”

“அதுக்கு எண்ணெய் விடுவாங்க. நீங்க கம்பளி போடறீங்க.”

அந்தச் சமயத்தில்தான் ஒரு கிடங்கின் காவலர்களுக்கு நாற்பது கால்சட்டைகள் தைத்து அனுப்பினார்கள். மூன்றாம் நாள் அவர்களின் மேற்பார்வையாளர் நழுவும் கால்சட்டையைக் கையால் பிடித்தபடியே கடைக்குள் நுழைந்தார்.

“திருடனைத் துரத்தச் சொன்னா, எங்க ஆளுங்க கால்சட்டையைத் துரத்திக்கிட்டு இருக்காங்க.”

“உங்க ஆளுங்க இளைச்சிருப்பாங்க” என்று பூசி மெழுகினார் மாமா.

“நாப்பது பேருமா? எல்லாத்தையும் இடுப்புல பிடிச்சுத் தைச்சுக் கொடுங்க. அளவு பாக்க வேற ஆளையும் வைங்க. இல்லேன்னா வேற கடைக்குப் போயிடுவேன்.”

மாமாவுக்கு முகம் சுண்டிவிட்டது. நாற்பதையும் பிரித்துத் தைப்பது பெரிதன்று. மீடியம் பதவி போனால் அப்புறம் அவர் யார்? தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள். அவருக்கு வயிறே தெரியவில்லை. இஸ்திரி போடும் மைத்துனன் நாடாவைச் சுற்றிப் பார்த்தான்.

“முப்பத்தெட்டு, அத்தான்.”

“நாடா சுருங்கியிருக்கும்.”

புதிய நாடா வந்தது. அதுவும் முப்பத்தெட்டு என்றது. மறுநாளே மனைவி அவரை மருத்துவரிடம் இழுத்துச் சென்றாள். கழுத்தைத் தடவிப் பார்த்து, இரத்தப் பரிசோதனையும் செய்த மருத்துவர் சிரித்தார்.

“உங்க தைராய்டு சுரப்பி சோம்பேறியாயிடுச்சு, ஐயா. வயசானவங்களுக்கு இது முதுமை மாதிரியே வேஷம் போட்டுக்கிட்டு வரும். காலையில வெறும் வயித்துல மாத்திரை, தண்ணியோட. டீ எல்லாம் அரைமணி நேரம் கழிச்சுத்தான். குறைஞ்ச அளவுல ஆரம்பிப்போம். ஆறு வாரம் கழிச்சு மறுபடி ரத்தம் பாக்கணும். நல்லாயிடுச்சுன்னு நீங்களா நிறுத்திடாதீங்க.”

“இடுப்பு எப்ப முப்பத்தினாலாகும்?”

“குளிரும் அசதியும் குறையும். இடுப்புக்கு நான் வாக்குக் கொடுக்க மாட்டேன்.”

மூன்று மாதங்களில் கம்பளி கழன்றது. குரல் மனிதக் குரலாயிற்று. இடுப்பு மட்டும் முப்பத்தாறுக்கு இறங்கி, அதற்குக் கீழே வரமாட்டேன் என்று சண்டித்தனம் செய்தது.

காவலர்களின் அடுத்த ஆர்டர் வந்த அன்று மாமா மைத்துனனை அழைத்தார்.

“உனக்கு முப்பத்தினாலு. இன்னையிலேர்ந்து நீதான் மீடியம். ரெண்டாம் தடவை சாப்பாடு கேக்கக் கூடாது.”

“அப்ப நீங்க?”

“லார்ஜ்” என்றார் மாமா, மார்பை நிமிர்த்தி.

“முப்பத்தோரு வருஷம் கழிச்சு ஒரு பதவி உயர்வு” என்றாள் மனைவி, ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

மைத்துனன் புதிய கால்சட்டையை மாட்டிக்கொண்டு சிலைபோல் விறைத்து நின்றான். மாமா குனிந்து இடுப்புப் பட்டையைச் சோதித்தார்.

“மூச்சை விடு, மச்சான். காவல் காக்கறவங்க மூச்சும் விடணும்.”