ஆர்டன் சும்மா நின்ற மதியம்

எங்கள் லார்ச் ஃபோர்க்ஸில் யாராவது சோபாவை இடம் மாற்றுவதாக இருந்தால் முதலில் ஜன்னல் திரையை இழுத்து மூடுவார்கள். ஆர்டன் கோசியுக் கண்ணில் பட்டுவிடக் கூடாது. பட்டால் உதவிக்கு வந்துவிடுவார். அவர் வந்தால் சோபா நகரும் என்பதில் சந்தேகமே இல்லை. கூடவே கதவு நிலையும், சுவரில் மாட்டிய மான்கொம்பும் இடம் மாறும்.

பக்கத்து வீட்டு ரூத் பெல்லமி கூரைப் பனியை விடிவதற்குள் திருட்டுத்தனமாகத் தள்ளி முடிப்பதற்கும் இதுதான் காரணம். ஒருமுறை ஆர்டன் ஏணியோடு வந்து உதவினார். கூரையிலிருந்து பனி இறங்கியது, மழைத்தண்ணீர் ஓடும் தகரமும் சேர்ந்து இறங்கியது. வியர்த்து விறுவிறுத்து, தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு, "வேற ஏதாச்சும் வேலை இருக்கா ரூத்?" என்று கேட்கிற மனிதரை யார்தான் திட்ட முடியும்?

வீடு வீடாகப் போய் எரிவாயு நிரப்பும் லாரியை ஓட்டுவது அவருக்குத் தொழில். மற்றவர்கள் காரை இழுத்துவிடுவது அதைவிடப் பெரிய தொழில். லாரியில் எப்போதும் ஒரு தடித்த கயிறு கிடக்கும். கயிறு சும்மா கிடக்கிறதே என்று பள்ளம் பள்ளமாகத் தேடிப் போகிறார் என்று தபால் நிலையத்தில் பேசிக்கொள்வார்கள். அங்கே கவுண்டரில் உட்கார்ந்து அதைக் கேட்டுச் சிரிப்பவர்களில் முதல் ஆள் அவருடைய மனைவி நோரீன். சிரிக்க அவருக்கு முழு உரிமை உண்டு. ஊரில் உள்ள குழாய்களையெல்லாம் ஆர்டன் இறுக்கிவிட்டு வந்த வருடத்தில் அவர்கள் வீட்டுச் சமையலறைக் குழாய் குளிர்காலம் முழுக்கச் சொட்டிக்கொண்டிருந்தது.

இந்த இரண்டு பேரும் பனிமேல் பாய்ந்தோடும் மோட்டார் பனிவண்டிப் பைத்தியங்கள். எங்கள் ஊரில் அது பெரிய செய்தி இல்லை, பைத்தியம் பிடிக்காதவர்களைத்தான் விரல் விட்டு எண்ண வேண்டும். சனிக்கிழமை காலையில் லாரிகளின் பின்னால் வண்டிகளை ஏற்றிக்கொண்டு மலைப்பாதையின் வாசலுக்குப் போய்விடுவோம்.

ஆனால் மலைக்குப் போனால் சில மரியாதைகள் உண்டு. கிளம்பும்போது ஒருவர் வழியில் நிற்பார், மற்றவர்கள் ஒவ்வொருவராக அவரைக் கடந்து போக வேண்டும். பனிக்குள் புதைந்தால் இடத்தைக் காட்டிக்கொடுக்கும் பீக்கன் கருவி ஒவ்வொருவர் மார்பிலும் உயிரோடு இருக்கிறதா என்று அவர் பார்த்து அனுப்புவார். செங்குத்தான சரிவில் ஒரு நேரத்தில் ஒரே வண்டிதான் போக வேண்டும். மற்றவர்கள், மேலே பனி பெயர்ந்து விழுந்தாலும் வந்து சேராத ஓரத்தில், வண்டியின் மூக்கைத் தப்பிக்கிற பக்கம் திருப்பி வைத்துவிட்டு நிற்க வேண்டும். மேலே போனவர் சிக்கிக்கொண்டால் அவரேதான் தோண்டிக்கொண்டு வர வேண்டும். எவ்வளவு நேரமானாலும் சரி, கீழே இருப்பவன் பார்த்துக்கொண்டு சும்மா நிற்க வேண்டும். தாங்கிக்கொண்டிருக்கிற பனியைப் பெரும்பாலும் பெயர்த்துவிடுவது உதவப் போகிற அந்த இரண்டாவது வண்டிதான்.

சும்மா நிற்பது என்றால் ஆர்டனுக்குப் பல் பிடுங்குகிற மாதிரி.

இத்தனைக்கும் அவருக்கு விஷயம் தெரியாமல் இல்லை. பக்கத்துப் பள்ளத்தாக்கில் ரஸ் ஹாட்லி சரிவில் சிக்கியபோது அவனுடைய சகலை உதவப் போனான். இருவர் மேலும் பனி வந்து மூடியது. தோண்டி எடுத்தவர்களில் ஆர்டனும் ஒருவர். அதற்குப் பிறகு அந்த வருடம் அவர் மலைப்பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்கவில்லை. அடுத்த குளிர்காலம் வந்தது. முதல் நாள், முதல் சரிவு. மெக்கானிக் டுவேன் பாதி ஏற்றத்தில் சிக்கினான். அவன் வண்டியை விட்டு இறங்குவதற்குள் ஆர்டன் பக்கத்தில் போய் நின்றார்.

"நீ எதுக்குய்யா வந்த?" என்றான் டுவேன்.

"சும்மா. உனக்குத் தோண்ட ஷவல் பத்துமான்னு கேக்கலாம்னு."

"என்கிட்ட ஷவல் இருக்கு. புத்திதான் உன்கிட்ட இல்ல. எறங்கிப் போ, சத்தம் போடாம போ."

நோரீன் யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தார். கை சும்மா இருந்தால்தானே இந்த ஆள் கிளம்புவார்? அதனால் கைக்கு ஒரு வேலை கொடுத்தார். மேலே யார் இருந்தாலும், அவர் இறங்கி வரும்வரை ஆர்டன் கையை நீட்டி, விரலால் அவரைச் சுட்டிக்காட்டியபடி நிற்க வேண்டும். ஆள் மறைந்தால் கடைசியாக எங்கே பார்த்தோம் என்பது தெரிய வேண்டும் இல்லையா? தேடுகிறவர்களுக்கு அதைவிடப் பெரிய உதவி கிடையாது. உதவி என்ற சொல்லைக் கேட்டதும் ஆர்டன் மயங்கிவிட்டார். அன்றிலிருந்து எந்தச் சரிவுக்குக் கீழே பார்த்தாலும் கையை நீட்டிக்கொண்டு ஒரு கனத்த உருவம் நிற்கும். ஊர் நடுவில் கொண்டுபோய் வைத்தால் வழிகாட்டிப் பலகைச் செலவு மிச்சம் என்பான் டுவேன்.

அப்படியும் இரண்டு தடவை கை நீட்டியபடியே கால் நடந்துவிட்டது. இரண்டாவது தடவை நோரீன் திட்டவில்லை. வீட்டுக்கு வந்து பூட்ஸைக் கழற்றிக்கொண்டே சொன்னார்: "இன்னொரு தடவை நீ போனேன்னா, இனிமே நான் உன்கூட மலைக்கு வரமாட்டேன். உன்ன மாதிரி ஆளோட போறதுக்குத் தனியாப் போகலாம்." அவர் கத்தியிருந்தால் ஆர்டன் மறந்திருப்பார். அமைதியாகச் சொன்னதால் பயந்துபோனார். நோரீன் இல்லாத மலையை அவரால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

மார்ச் மாதத்தில் நல்ல வெயிலடித்த ஒரு நாள் நாலு பேர் கிளம்பினார்கள். நோரீன், ஆர்டன், டுவேன், ஆல்பர்ட்டாவிலிருந்து வந்திருந்த டுவேனின் மைத்துனன் லான்ஸ். லான்ஸ் சமவெளிக்காரன், எண்ணெய்க் கிணற்றில் வேலை, நாற்பதைத் தொட்டவன். வண்டி புத்தம் புதுசு, உடுப்பு அதைவிடப் புதுசு. மலைப்பாதை வாசலில் நோரீன் நின்று ஒவ்வொருவராகப் பார்த்து அனுப்பினார். லான்ஸ் கடந்தபோது அவன் மார்பில் கருவியைக் காணோம்.

"உன் பீக்கன் எங்க?"

"பைக்குள்ள இருக்கு. பத்திரமா."

"பத்திரமா இருக்கட்டும். பையும் அதுவும் ஒரு எடத்துல கெடக்கும், நீ ஒரு எடத்துல கெடப்ப. நாங்க பைய மொதல்ல தோண்டி எடுக்கறோம்."

டுவேன் தலையில் அடித்துக்கொண்டான். "மச்சான், மானத்த வாங்காத. எடுத்துக் கட்டு."

லான்ஸ் கட்டிக்கொண்டான். நல்ல மனிதன்தான், சொன்னால் கேட்கிற ரகம். ஆனால் முகத்தில் ஒரு சிரிப்பு இருந்தது. இந்த மலைக்காரர்கள் எதற்கெடுத்தாலும் பயப்படுகிறார்கள் என்கிற சிரிப்பு அது.

மதியம் வரை எல்லாம் ஒழுங்காகப் போனது. வண்டிகளின் புகைக்குழாய் மேல் இருக்கும் தகரப் பெட்டிக்குள் தாளில் சுற்றிய சாசேஜ்கள் வெந்துகொண்டிருந்தன. திரும்பும் வழியில் ஒரு பெரிய சரிவின் அடிமடியைக் கடக்க வேண்டும். ஒவ்வொருவராகக் கடக்கலாம் என்று முடிவானது. முதலில் நோரீன் போனார். காலையில் இறுகிக் கிடந்த பனி வெயிலில் இளகியிருந்தது. வண்டித்தடத்தின் கோட்டைக் கொஞ்சம் உயரமாகப் போட்டால் திடமான பனி கிடைக்கும் என்று நினைத்தார் போலிருக்கிறது. ஊருக்கெல்லாம் பாடம் நடத்துகிற நோரீன்தான் அன்றைக்குக் கோடு தப்பினார். வண்டி மேலே ஏறி, திணறி, வால்பக்கம் புதைந்து நின்றது. ஏற வேண்டியதைவிட வெகு மேலே, நட்டநடுச் சரிவில் மாட்டிக்கொண்டிருந்தார்.

கீழே நின்றவர்களின் கைரேடியோ கரகரத்தது. "சிக்கிட்டேன். யாரும் அசையாதீங்க. ஆர்டன், உன்னத்தான் சொல்றேன்."

ஆர்டன் கையை நீட்டினார். "சரி. வண்டிய விட்டுட்டு எறங்கி வந்துடு நோரீன். வண்டிதானே."

"எறங்கிப் பாத்துட்டேன். காலெடுத்து வெச்சா இடுப்பு வரைக்கும் போகுது. தோண்டித் திருப்பிட்டா சீக்கிரம் வந்துடுவேன்."

தோண்ட ஆரம்பித்தார். கீழேயிருந்து பார்க்க ஒரு சிவப்புப் புள்ளி குனிந்து நிமிர்ந்தது. போன கோடையில்தான் அவருக்கு முழங்காலில் அறுவை சிகிச்சை நடந்திருந்தது. ஒவ்வொரு நிமிர்வுக்கும் ஆர்டனின் சொந்த முழங்கால் வலித்தது. சரிவின் உச்சியில் வெயில் பட்ட இடத்திலிருந்து சின்னச் சின்னப் பனி உருண்டைகள் கிளம்பி, கோடு கிழித்துக்கொண்டு நோரீனைத் தாண்டி ஓடின. மேலே பனி பிடிப்பு விட ஆரம்பித்திருக்கிறது என்று டுவேனுக்கும் ஆர்டனுக்கும் தெரியும்.

லான்ஸுக்குப் பொறுக்கவில்லை. "ஒரு பொம்பள ஒத்தையில தோண்டுறாங்க. மூணு ஆம்பளைங்க நின்னு வேடிக்கை பாக்குறோம். நான் போறேன். ரெண்டு பேர் புடிச்சா ரெண்டு நிமிஷ வேலை." வண்டியைக் கிளப்பியும் விட்டான்.

ஆர்டன் நீட்டிய கையை இறக்காமல் பக்கவாட்டில் நடந்து, லான்ஸின் வண்டிக்கு முன்னால் போய் நின்றார். வண்டியின் முன்பக்கச் சறுக்குக் கட்டைகள் இரண்டுக்கும் நடுவில், நகர மறுக்கிற மாடு மாதிரி நின்றார்.

"தள்ளுங்க."

"போகக் கூடாது தம்பி. நீ ஏறினா பனி அவ தலையிலதான் வந்து விழும்."

"அது உங்க சம்சாரம்தானே?"

"ஆமா. அதான் நிக்கிறேன்."

இதைச் சொன்னது தான்தானா என்று ஆர்டனுக்கே ஆச்சரியம். டுவேன் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தான். லான்ஸ் முணுமுணுத்துக்கொண்டே வண்டியை அணைத்தான். இப்படி ஒரு கல்மனசுக்காரரை அவன் பார்த்ததில்லையாம். லார்ச் ஃபோர்க்ஸில் ஆர்டனை அப்படிச் சொன்ன முதல் ஆள் அவன்தான், கடைசி ஆளும் அவன்தான்.

அப்போதுதான் பக்கத்துச் சரிவு பெயர்ந்து போனது. அதே வெயிலைப் பார்த்த, அதே திசை நோக்கிய சரிவு. உச்சியில் பென்சில் கோடு மாதிரி ஒரு கீறல் ஓடியது, பிறகு மொத்த முகமும் துண்டு துண்டாகிச் சறுக்கியது. சத்தம் தாமதமாகத்தான் வந்து சேர்ந்தது. அடிவாரத்து மரங்கள் ஒடிந்தன. வெள்ளைப் புழுதி எழும்பி அவர்கள் மேலும் பொடியாக விழுந்தது. அது அடங்கியபோது நோரீன் இன்னும் அங்கேதான் இருந்தார். ஷவலைப் பிடித்தபடி அசையாமல் நின்றார். அவர் காலடிப் பனியும் அசையவில்லை.

ஆர்டனின் கை கீழே விழுந்தது. கால் வண்டிப் பக்கம் போனது. ரஸ்ஸைத் தோண்டிய நாளும், நோரீன் பூட்ஸைக் கழற்றிக்கொண்டே சொன்னதும், எதுவும் அவர் நினைவில் இல்லை. அவள் அங்கே தனியாக நிற்கிறாள் என்பது மட்டும்தான் தெரிந்தது. கைப்பிடியைப் பிடித்துவிட்டார். டுவேன் தடுக்கவில்லை. தடுத்திருந்தால் டுவேனைத் தூக்கி எறிந்திருப்பார், அது டுவேனுக்கும் தெரியும்.

ரேடியோவில் நோரீனின் குரல் மூச்சிரைக்க வந்தது. "ஆர்டன். உன் கை எங்க?"

ஆர்டனின் கை இன்னும் கைப்பிடியில்தான் இருந்தது.

"எனக்கு உன் கை தெரியல. நீட்டு."

ஆர்டன் கைப்பிடியை விட்டார். கையைத் தூக்கினார். ஹெல்மெட் கண்ணாடிக்குள் அழுதுகொண்டே விரலை அந்தச் சிவப்புப் புள்ளிமேல் வைத்தார். கண்ணாடி பனித்துப்போய்ப் புள்ளியே தெரியவில்லை. இன்னொரு கையால் கண்ணாடியைத் தூக்கிவிட்டு மறுபடியும் வைத்தார். வாழ்க்கையில் அவர் செய்த எந்த வேலையும் அவ்வளவு கனமாக இருந்ததில்லை. சோபா, கார், ரூத் வீட்டு ஏணி எல்லாம் அதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

புள்ளி குனிந்தது, நிமிர்ந்தது. வண்டியை ஒரு பக்கமாகச் சாய்த்தது, உருட்டியது, மூக்கைக் கீழ்ப்பக்கம் திருப்பியது. எவ்வளவு நேரம் என்று கேட்டால் டுவேன் ஒரு கணக்கு சொல்வான், லான்ஸ் ஒரு கணக்கு சொல்வான். ஆர்டனிடம் கேட்காமல் இருப்பது நல்லது. கடைசியில் இஞ்சின் கனைத்தது. நோரீன் வந்த தடத்திலேயே நேராக இறங்கி, அவர்களைத் தாண்டி ஓரத்துக்குப் போய் வண்டியை நிறுத்தினார்.

அந்தச் சரிவு அன்றைக்குப் பெயரவே இல்லை. அந்த வாரம் முழுக்கப் பெயரவில்லை. லான்ஸ் அதைத்தான் முதலில் பிடித்துக்கொண்டான். "பாத்தீங்களா, ஒண்ணும் ஆகல. நான் போயிருந்தா எப்பவோ எறங்கியிருப்பாங்க." டுவேன் ஒரு சாசேஜை எடுத்து அவன் கையில் திணித்தான், தின்றால் வாய் மூடும் என்று.

நோரீன் ஹெல்மெட்டைக் கழற்றினார். முகம் பீட்ரூட் மாதிரி சிவந்து, தலைமுடி நனைந்து ஒட்டியிருந்தது. "கோடு தப்பிட்டேன். என் தப்புதான்," என்று பொதுவாகச் சொன்னார். பிறகு ஆர்டனைப் பார்த்தார். ஆர்டன் இன்னும் காலியான சரிவை நோக்கிக் கையை நீட்டிக்கொண்டு நின்றார்.

"நான் வந்துட்டேன். கைய எறக்கு."

"எறங்க மாட்டேங்குது," என்றார் ஆர்டன். "கொஞ்சம் எறக்கி விடேன்."

நோரீன் கிட்டே வந்து இரண்டு கைகளாலும் அந்தக் கையைப் பிடித்து மெதுவாக மடக்கி இறக்கினார். இறக்கிய பிறகும் விடவில்லை.

"மேல பனிய நெனச்சு நான் பயப்படல," என்றார் தாழ்ந்த குரலில். "எங்க நீ வந்துடுவியோன்னுதான் பயந்துட்டே தோண்டினேன்."

"கெளம்பத்தான் செஞ்சேன்," என்றார் ஆர்டன்.

"தெரியும். பாத்தேன்."