மந்திரியின் சிரிப்பு

ஏழு வயதில் நான் என் தாய்மாமனைக் காட்டிக்கொடுத்தேன். செய்தபோது பெருமையாகத்தான் இருந்தது. அதை மறைத்துவிட்டு இதை எழுதுவதில் அர்த்தமில்லை.

ஜப்பான்காரன் வருவதற்கு முந்தைய திருவிழாவில் எங்கள் தேயிலைத் தோட்டத்து ஆட்கள் நாடகம் போட்டார்கள். பக்கத்து வீட்டு அண்ணனுக்கு ராஜா வேஷம். அவருக்குப் பாலில் விஷம் வைக்கும் மந்திரி என் மாமா. ராஜா விழுந்ததும் மாமா தலையைப் பின்னால் சாய்த்து ஒரு சிரிப்புச் சிரித்தார். அன்றோடு எனக்கு அவர் மாமா இல்லை, மந்திரிதான். எனக்கு மட்டுமா? குழாயடிக்கு அவர் வந்தால் பெண்கள் குடத்தை மூடிக்கொண்டார்கள்.

ஜப்பான் காலத்தில் சோறு போய் மரவள்ளி வந்தது. மாமா பிரிஞ்சாங் டவுன் வரை நடந்துபோய்க் கிழங்கு சுமந்து வருவார். அம்மா ஒரு வாய் தின்று உயிரோடு இருப்பதைப் பார்த்த பிறகுதான் நான் தொடுவேன். ராஜா அண்ணன் எங்களுக்கு ஒன்றும் தந்ததில்லை. ராஜாக்கள் கிழங்கு சுமப்பார்களா என்ன?

ஒருநாள் காலை கங்காணி இரண்டு சிப்பாய்களுடன் எங்கள் லயத்து வீடுகளுக்கு வந்தார். சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடிக்கிறார்கள். அங்கே போய்த் திரும்பி வந்தவர்களை நாங்கள் கண்டதில்லை. ஆண்கள் சிதறி ஓடினார்கள். ராஜா அண்ணன் எங்கள் விறகுக் குவியலுக்குப் பின்னால் பதுங்கினார். மாமா எங்கள் வீட்டுப் பரணில் ஏறிக்கொண்டார். இரண்டையும் பார்த்தவள் நான் ஒருத்திதான்.

“இன்னும் ஒரு ஆளு கொறையுது பாப்பா. யாரு எங்க இருக்கான்னு சொல்லிரு லா,” என்றார் கங்காணி.

ஒரு சிப்பாய் துப்பாக்கிக் கத்தியை நீட்டிக்கொண்டு விறகை நோக்கி நடந்தான். ராஜா இன்னொரு தடவை சாகக்கூடாது.

“மந்திரி பரண்மேல இருக்காரு!” என்று கத்திவிட்டேன்.

“அடிப்பாவி, ஒன் மாமாடி!” என்று அம்மா கை ஓங்கினாள்.

“அடிக்காத அக்கா,” என்றபடி மாமா தானே இறங்கி வந்தார்.

லாரியில் ஏற்றும்போது ஒருமுறை என்னைத் திரும்பிப் பார்த்தார். தலையைப் பின்னால் சாய்த்து அதே சிரிப்பைச் சிரித்தார்.

அவர் திரும்பவில்லை. ராஜா அண்ணன் கிழவராகும்வரை இருந்தார். எங்கள் வீட்டுப் பக்கம் தலைதூக்கிப் பார்த்ததே இல்லை. மாமாவைத் தொலைத்துவிட்டோம் என்று நான் அழுதுவிடக்கூடாது என்பதற்காகத்தான் அந்த மனுஷன் கடைசிவரை மந்திரியாகவே போனார். அது இப்போது நெஞ்சை அறுக்கிறது. அன்று அவர் கண் நனைந்திருந்ததைக்கூட நான் பார்த்தேன். நாடகத்தைவிட நன்றாக நடிக்கிறார் என்று நினைத்துக் கைதட்டினேன்.