பாதம் தொட்டால் வழி விடு

மாமல்லபுரத்துக்கு வடக்கே, அலைச் சத்தம் கேட்கிற தூரத்தில், ஒரு நீச்சல்குளம் இருக்கிறது. அவ்வளவு பெரிய தண்ணீரை எதிரே வைத்துக்கொண்டு, நீந்துவதற்கு லாரியில் தண்ணீர் வரவழைக்கிறார்கள். இதில் ஜாக்குலினுக்குப் புகார் எதுவும் கிடையாது. கடல் என்றால் மீன் பிடிக்கிற இடம், நீந்துகிற இடமல்ல என்பது அவள் கட்சி. அவளுடைய கோபமெல்லாம் குளத்துக்குள்ளேதான் இருந்தது.

செங்கல்பட்டில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் ஊசி குத்தி ரத்தம் எடுக்கிற வேலை அவளுக்கு. நாற்பதைத் தாண்டியாயிற்று. விடிவதற்கு முன்பே ஸ்கூட்டரில் கிளம்பி, திருக்கழுக்குன்றம் வழியாக வந்து, பெரியவர்களுக்கான காலைப் பயிற்சியில் நீந்திவிட்டு, ஈரத் தலையோடு வேலைக்குப் போவாள். குத்துவதே தெரியாது, அப்படி ஒரு கை என்று அங்கே அவளுக்கு நல்ல பெயர். வீட்டிலும் குளத்திலும் அந்தப் பெயர் கிடையாது.

நீச்சல் கற்றது ஊரில் ஒரு வயல்கிணற்றில். கிணறு இன்னொருவருடையது. அப்பா ஆபிரகாம் அதே நிலத்தில் கூலிக்கு நாற்று நட்டவர். அவர் மகள் அந்தத் தண்ணீரில் இறங்கினால் மட்டும் தண்ணீருக்கு ஏதோ ஆகிவிடும். பம்ப்செட் ஓடாத நேரம் பார்த்துக் குதிப்பாள், ஆள் வரும் சத்தம் கேட்டால் ஏறி ஓடுவாள். அவளுடைய வேகம் நீந்தி வந்ததா ஓடி வந்ததா என்பது இன்னும் தீராத கேள்வி.

பிறகு விளையாட்டு ஒதுக்கீட்டில் சென்னைக் கல்லூரியில் இடம் கிடைத்தது. அங்கேதான் அந்த விதியைக் கற்றாள். கயிறு கட்டிப் பிரித்த ஒரு லேனில் பலர் நீந்தும்போது, பின்னால் வருகிறவர் வேகமானவர் என்றால் முன்னால் போகிறவரின் பாதத்தை ஒரு முறை தொடுவார். தொடப்பட்டவர் அடுத்த சுவரில் ஓரமாக நின்று வழி விட வேண்டும். அவ்வளவுதான். தொட்ட கை யார் வீட்டுக் கை என்று பாதத்துக்குத் தெரியாது. அமைச்சர் மகளும் நின்றாள், கலெக்டர் மகளும் நின்றாள். தனக்கு யாரோ வழி விடுவதை ஜாக்குலின் வாழ்க்கையில் முதல் முறையாகப் பார்த்தது தண்ணீருக்கு அடியில்தான். அன்றிலிருந்து ஞாயிறு பூசையைத் தவறவிட்டாலும் அந்த விதியை மட்டும் அவள் தவறவிட்டதில்லை.

ஐப்பசியில் கடல் கொந்தளித்ததும் டிரையத்லான்காரர்கள் குளத்துக்கு வந்தார்கள். நீந்தி, சைக்கிள் மிதித்து, அதற்கும் மேல் ஓடுகிற கூட்டம். மூன்றையும் செய்கிறவர்களுக்கு மூன்றில் ஒன்றுகூடச் சரியாக வராது என்று அவர்கள் வந்த முதல் நாளே ஜாக்குலின் தீர்ப்பு எழுதிவிட்டாள். சுவர் வந்தால் குட்டிக்கரணம் அடித்துத் திரும்பாமல் பஸ் கம்பியைப் பிடிப்பதுபோலச் சுவரைப் பிடித்தார்கள். சைக்கிளுக்கு வேண்டும் என்று காலைச் சேமித்து வைத்தார்கள். இறங்கும்போதும் ஏறும்போதும் கைக்கடிகாரத்தை அமுக்கினார்கள்.

அவர்களில் வெங்கடேசன் அவள் லேனுக்கு வந்தான். உள்ளூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பம். நிலத்தில் பாதி மனையானதும் லாரிகள் வாங்கி ஓட்டுகிறான். முதல் நாளே அவள் பாதத்தைத் தொட்டான். ஜாக்குலின் சுவரில் ஓரமாக நின்றாள். அவனும் வந்து நின்றான். போ என்று கையைக் காட்டினாள். நீங்க போங்க என்று அவனும் காட்டினான். போனாள். மறுபடி தொட்டான். நின்றாள். நின்றான்.

இப்படியே ஒரு வாரம். அவன் வேண்டுமென்றே கேலி செய்கிறான் என்று அவள் நினைத்தாள். வேகமாகப் போகிற பெண்மணி என்னைக் கண்டதும் பிரேக் போடுகிறாளே, என்ன பகை என்று அவன் நினைத்தான். வீட்டில் சொன்னபோது கணவர் ஜெரோம் தட்டிலிருந்து தலை தூக்காமல் சொன்னார்:

"தெனம் கால்ல வுழறான். ஆசீர்வாதம் பண்ணிட்டுப் போயேன்."

அன்று ஜெரோமுக்கு இரண்டாவது முறை குழம்பு வரவில்லை.

மறுநாள் அவன் தொட்டதும் சுவரைப் பிடித்துத் திரும்பிக் கேட்டுவிட்டாள். "இன்னா தம்பி வோணும் உனக்கு? தொட்டா முந்திப் போவணும். தொட்டுட்டு நின்னுகினு இருந்தா இன்னா அர்த்தம்?"

"முந்தறதுக்குத் தொடலக்கா. உங்க பின்னாடியே ஒட்டிகினு வந்தா தண்ணி லேசா கீது. பாதி பலம் மிச்சம். கடல்ல நாங்க அப்டித்தான். கால் தட்டுப்பட்டாத்தான் ஆள் முன்னாடி கீறார்னு தெரியும்."

"அப்போ நான் இன்னா, உன் லாரியா? நீ ஏறி குந்திகினு வர்றதுக்கு?"

கேலி என்று நினைத்திருந்த வரை அவள் கோபத்துக்கு ஓர் அளவு இருந்தது. இப்போது அதுவும் போயிற்று. தன் உழைப்பில் ஒருத்தன் நோகாமல் வருகிறான். அதுவும் வழி கேட்கிற அதே தொடுகையை வைத்துக்கொண்டு. இனித் தொடமாட்டேன் என்று அவன் நல்லபடியாகவே ஒப்புக்கொண்டான். நல்லபடியாக ஒப்புக்கொண்டது அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

அந்த மாதக் கடைசியில் தேர்வு. மாநில மூத்தோர் போட்டிக்கு மாவட்டத்திலிருந்து நானூறு மீட்டருக்கு ஒரு பெண்தான் போக முடியும். போட்டியில் இருந்தவர்கள் ஜாக்குலினும் பள்ளியில் உடற்பயிற்சி ஆசிரியையாக இருந்த அமிர்தவல்லியும். பயிற்சியாளர் பன்னீர்செல்வம் ஸ்டாப்வாட்சோடு நின்றார். ஒருவருக்கென்று தனி லேன் ஒதுக்குவதில்லை என்பது குளத்தின் சட்டம்; எனவே ஜாக்குலின் லேனின் ஒரு பாதியில் அவள், மறு பாதியில் வெங்கடேசன். கயிற்றை ஒட்டியே போ, அவங்க பக்கம் வராதே என்று பன்னீர்செல்வம் அவனிடம் இரண்டு முறை சொன்னார்.

அமிர்தவல்லி முதலில் நீந்தி முடித்தாள். பிறகு ஜாக்குலின். பாதிக்கு மேல் தாண்டியபோது அமிர்தவல்லியின் நேரத்தைவிட அவள் முந்தி இருந்தாள். அப்போது பாதத்தில் அந்தத் தொடுகை.

சுவர் வந்தது. நின்றுவிட்டாள். ஓரமாக, முறையாக, வழி விட்டு நின்றாள். உடம்புதான் நின்றது, மனசு அதன் பிறகே வந்து சேர்ந்தது. வந்து சேர்ந்தபோது வெங்கடேசனும் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான்.

உதைத்துக் கிளம்பிக் கடைசி வரை கொலைவெறியில் நீந்தினாள். போதவில்லை. இடம் அமிர்தவல்லிக்கு.

மறுபடி நீந்த விடுங்கள் என்று கேட்டாள். பன்னீர்செல்வம் ஸ்டாப்வாட்சையே பார்த்துக்கொண்டு, அமிர்தவல்லிக்கும் ஒரு முறைதானே கொடுத்தேன் என்றார். அவர் சொன்னது நியாயம். நியாயமாக இருந்ததால் அவரைத் திட்டவும் முடியவில்லை.

வெங்கடேசன் தொப்பியைக் கையில் கசக்கிக்கொண்டு வந்தான். "உங்க பின்னாடி வந்து பழகிடுச்சிக்கா. தெரியாம உங்க பக்கம் வந்துட்டேன், கை தன்னால வந்துடுச்சி."

கால் தன்னால் நின்ற கதை அவளுக்கும் தெரியும். அதனால்தான் நேராகப் போய் ஸ்கூட்டரை எடுத்தாள். அன்று காலை செங்கல்பட்டில் ஊசி குத்தப்பட்டவர்கள் எல்லோருக்கும் குத்துவது தெரிந்தது.

மறுநாள் வரமாட்டாள் என்று குளத்தில் பேசிக்கொண்டார்கள். வந்தாள். வெங்கடேசன் ஏற்கெனவே நீந்திக்கொண்டிருந்தான். அவள் இறங்கி, எட்டிப் பிடித்து, அவன் பாதத்தைத் தொட்டாள். விதியை இப்போது கற்றுக்கொண்டிருந்த அவன் ஒழுங்காகச் சுவரில் ஒதுங்கினான்.

ஜாக்குலின் அவன் பின்னால் வந்து நின்றாள்.

"போங்கக்கா" என்றான்.

"நான் இன்னாத்துக்குப் போவணும்? நீ போ. நான் பின்னாடி வர்றேன்."

போனான். தொட்டாள். நின்றான். நின்றாள். நாலைந்து சுற்றுக்குப் பிறகு அவன் நீச்சல் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, இது நியாயமா என்று கேட்டான். அவன் முகத்தில் கோபத்தை அவள் முதல் முறையாகப் பார்த்தாள். பார்க்க நன்றாகவே இருந்தது.

"கண்ணாடியப் போடு, தம்பி. வண்டிய எடு."

வேறு வழியில்லாமல் எடுத்தான். அவள் அவன் குதிகாலை ஒட்டிப் போனாள். அவன் சொன்னது உண்மைதான். தண்ணீர் லேசாக இருந்தது. எல்லாவற்றையும்விட அதைத்தான் அவளால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. இன்னும் பலமாக ஒரு முறை தொட்டாள்.