குழி மேல கவுத்து வெச்ச வாஷ் பேசின்

எங்க தெரு முனையில சாக்கடை ஸ்லாப் உடைஞ்சு, சின்னப் புள்ளை உள்ள போற அளவுக்குக் குழி. நகராட்சி ஆப்புல புகார் போட்டிருந்தேன்.

அவங்க வந்து சரிபண்ற வரைக்கும் யாரும் விழுந்துடக் கூடாதுன்னு, செராமிக் யூனிட்டுல வேலை பார்க்குற பக்கத்து வூட்டு பாய், அங்க கழிச்சுப் போட்ட வாஷ் பேசின் ஒண்ணைக் கொண்டாந்து குழி மேல கவுத்து வெச்சாரு. வெள்ளையா இருக்குறதால தூரத்துலேயே தெரியும்.

இன்னைக்கு மதியம் மெசேஜ் வருது, புகார் சரிசெய்யப்பட்டதாம். கூடவே ஒரு போட்டோ. பார்த்தா அதே பேசின்!

பதறிப்போயி நகராட்சி ஆபீசுக்கு போன் பண்ணேன்.

"சார், அது நாங்க அடையாளத்துக்கு வெச்சதுங்க. ஏறி மிதிச்சா உடைஞ்சுடும்."

"போட்டோல மூடித்தானம்மா இருக்குது? அதை எடுத்துட்டு, குழி தெரியிற மாதிரி புதுசா புகார் போடுங்க. ஆளு வந்து பார்க்குற வரைக்கும் மேல எதையும் வெக்காதீங்க."

எடுத்தாச்சு. போட்டோவும் போட்டாச்சு.

நாலு மணிக்கு ஸ்கூலு விடுவாங்க. எம் பொண்ணு இந்த வழியாத்தான் ஓடி வருவா. வானம் வேற இருட்டிக்கிட்டு வருது. மழை பெஞ்சா ரோடு எது, குழி எதுன்னே தெரியாது.

இப்ப பேசினுக்குப் பதிலா நான்தான் நிக்கிறேன்.

தெருக்காரங்களே, எனக்கு அடுத்து யாரு வந்து நிக்கிறீங்க?